நீலக் கோடிச் சேலை

அடி என் தோழி,

நேற்று ஒரு கல்யாண மண்டப வாசலில் ஒரு பெண் என் மேல் பன்னீர் தெளித்துச் சிரித்தாள். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விழுங்கியதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

முதலியார்பேட்டையில் ஆலை மூடிக் கிடந்த வருஷம் அது. நம் இருவரின் அப்பாக்களுக்கும் வேலை இல்லை. நமக்கு வயிற்றுப்பாடு என்றால் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கிடைத்த ரொட்டித் துண்டும் பால்மாவுக் கரைசலும்தான். நீலப் பாவாடை இல்லாமல் போனால் மாசேர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். கன்னியாஸ்திரீதான், ஆனால் சீருடை விஷயத்தில் இரக்கம் கிடையாது. பாவாடை போனால் ரொட்டியும் போச்சு. என்னுடையது நாராகக் கிழிந்தபோது, அம்மா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் பழந்துணிக் குவியலில் ஒரு நீலச் சேலை எடுத்து வந்தாள். மூன்று நாள் சவுக்காரத்தில் ஊறப்போட்டு, பிறகு பாவாடையாகத் தைத்தாள்.

இறந்தவர் மேல் போர்த்தும் கோடிச் சேலைகளைச் சுடுகாட்டில் எடுத்து விற்பது ஊரறிந்த சங்கதி. அம்மாவுக்கும் தெரியும். "யாரு கேட்டாலும் கடையில வாங்குனதுன்னு சொல்லு" என்றாள்.

அந்தச் சேலை எங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சில நாள் முன்புதான் உன் அம்மா காய்ச்சலில் போயிருந்தாள். கருமாதி முடிந்து நீ பள்ளிக்கு வந்தாய். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் மோந்து பார்த்தாய். எத்தனை அலசியும் அந்தத் துணியில் வேர்த்தால், பிணத்தின் மேல் தெளித்த பன்னீர் வாசனை கிளம்பும். குனிந்து ஓரத்தைப் புரட்டினாய். அங்கே பருப்பளவு கருகல் இருந்தது. என் அம்மா அதில் இழையோட்டியிருந்தாள்.

"அம்மா தலமாட்டு வெளக்கு பட்டுடுச்சி. நாந்தான் கையால அணைச்சேன்" என்று விரலில் இருந்த கொப்புளத்தைக் காட்டினாய்.

அதற்கப்புறம் தினமும் என் பாவாடை மடிப்பு உன் கைக்குள் இருக்கும். "தம்பி இன்னிக்கி கஞ்சி குடிச்சான்" என்று அதனிடம் சொல்வாய். கொஞ்சம் நிறுத்தி, யாரோ பதில் சொன்னதுபோல் "உம்" என்பாய். பட்டப்பகலில், நாற்பது பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தும் வகுப்பில், எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒருநாள் கேட்டே விட்டாய். "ஒரே ஒரு நாளு குடுடி. தம்பி தூங்காம அழுதுக்கினே கெடக்கறான். மேல போத்தினா தூங்கிடுவான்."

எனக்கு ரொட்டிதான் ஞாபகம் வந்தது. பொல்லாத பசி. "இது கடையில வாங்குனதுடி" என்றேன்.

என்னையே பார்த்தாய். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரி. உக்காரும்போது மட்டும் மெதுவா உக்காரு. அதுக்கு வலிக்கும்" என்றாய். அடுத்த வாரம் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டே நின்றுவிட்டாய். அப்புறம் எத்தனை வருஷம் பழகினோம், அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் செய்தது பாவம்தான்.

இன்றைக்கும் எந்த நாற்காலியிலும் தொப்பென்று உட்கார எனக்கு வராது. கைப்பிடியைப் பற்றி, துணியை ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறேன். மூட்டுவலி என்று மகன் தைலம் வாங்கி வருகிறான். நானும் தேய்த்துக்கொள்கிறேன்.