ஜக்கெற் வாங்க நீட்டிய கை

என்ர இஞ்சேருங்கோ,

சனிக்கிழமை பனிச்சறுக்கு மைதானத்தில் நின்றவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் மகள் வசந்தி, மருமகன் சுதன், பேத்தி அபிரா, அவளுடைய கோச், ஒஷாவாவில் இருந்து வந்த, சுதனின் தாயான சம்பந்தி ராசமணி, பிறகு நான். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு அபிரா பயிற்சிக்குப் போன முதல் நாள் அது.

அடுத்த கிழமை போட்டி. அதனால் அன்று உண்மையான ஓட்டம் போலவே ஒவ்வொரு பிள்ளையாக நேரம் பார்த்து விடுவதாக இருந்தது. வடக்குக் காற்று முகத்தை அறுத்தது. குளிர் கொஞ்சம் குறைந்தால்தான் விடுவேன் என்று கோச் பிள்ளைகளை மறித்து வைத்திருந்தாள்.

அந்த நேரத்துக்குள் ராசமணி பார்த்த வேலையைக் கேளுங்கள். சுதன் மெழுகு உருக்கித் தேய்த்துக் கண்ணாடி போல வைத்திருந்த சறுக்குப் பலகைகளைத் திருப்பி, அடியில் மூன்று குறி திருநீறு இழுத்து, நடுவில் சந்தனமும் குழைத்து வைத்துவிட்டார். அபிரா காலை ஊன்றித் தள்ளினாள். ஈரச் சந்தனத்தில் பனி ஒட்டிப் பிடித்து, பலகை அசையவில்லை.

“அம்மா, புது வான் வாங்கிப் பூசை போடுறதெண்டு நினைச்சிட்டியளோ?” என்றார் சுதன்.

“பிள்ளை சறுக்கி விழக்கூடாதெண்டுதான் தம்பி பூசினனான்.”

“இற் வேர்க்ட் அப்பம்மா. ஐ கான்ற் ஈவன் மூவ்,” என்று சொல்லி அபிரா அவரைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். அதை நான் செய்திருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்குமா?

சுதன் எல்லாவற்றையும் சுரண்டி, திரும்ப மெழுகு போட்டுக் கொடுத்தார். அபிராவின் முறை வந்தது. உடம்போடு ஒட்டின அந்த மெல்லிய உடுப்போடுதான் ஓட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தொடக்கக் கோட்டில் நின்று கடைசி நிமிடத்தில் ஜக்கெற்றைக் கழற்றுவாள். நீங்கள் வாங்கி, உங்கள் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கி, அவள் வந்து சேர்ந்ததும் போர்த்திவிடுவீர்கள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். நீங்கள் இல்லாத இடத்துக்கு இனி நான்தானே என்று நினைத்தேன். கையுறையையும் கழற்றிவிட்டுக் கையை நீட்டினேன்.

அவள் என்னைக் கடந்து போய் ராசமணியிடம் கொடுத்தாள்.

அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் அதை மடித்துத் தன் கோட்டுக்குள் வைத்தார். உங்களைப் போலவே. அபிரா எப்படி ஓடினாள், எத்தனையாவதாக வந்தாள், நான் பார்க்கவில்லை. அந்தக் கோட்டின் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரில் கேட்டேன். “ஏன் பிள்ளை, என்ர கை உன்ர கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“அம்மப்பாதான் சொன்னவர் அம்மம்மா. ஹொஸ்பிற்றலில. ஜக்கெற்றை எப்பிடி வைக்கிறதெண்டு அப்பம்மாக்குக் காட்டியும் குடுத்தவர். உங்களுக்குக் குளிர் ஒத்துவராதாம். பாவமாம். உள்ளுக்கு ஹீற்றரடியில இருக்கட்டாம்.”

குளிர் ஒத்துவராதா? பிறம்ரன் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போக விடியற்காலையில் பனிக்குள் பஸ்சுக்கு நின்றவள் யார்? அப்போது ஒத்துவந்த குளிர் பேத்திக்காக நிற்கும்போது ஒத்துவராமல் போனது எப்படி? பக்கத்தில்தானே இருந்து கஞ்சி பருக்கினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ராசமணியில் எனக்குக் கோபம் இல்லை. எரிச்சல் இருக்கிறது, அது வேறு. சொன்னதைச் செய்தவரை என்ன சொல்வது?

போட்டிக்கும் போவேன். ஜக்கெற் யாருடைய கோட்டுக்குள்ளும் இருக்கட்டும், அவள் வந்து சேரும் எல்லைக்கோட்டில் முன்னுக்கு நிற்பது நான்தான். இது சத்தியம். வருஷம் முடிய வரும் உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரிக்கறியும் வைப்பேன். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள்.

கட்டின நாளில் இருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
அந்த நடராசாவின் மனுசி