சமையல்காரன் கையில் விளக்கு

ஜனவரி 5, ஞாயிறு
மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மருமகள் ஆஃப்ரீனும் டி.வி.யில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தோம். மலை பங்களா. பணக்காரப் பெண்ணுக்கு யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிறார்கள். முதல் ரீலிலேயே சொல்லிவிட்டேன், சமையல்காரன்தான் என்று. விளக்கைத் தாழ்த்திப் பிடித்து வருகிறான், மூஞ்சியே பேய் மாதிரி. மருந்து பாட்டிலை வேறு ஒளித்துவைக்கிறான். கடைசியில் பார்த்தால், வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்த சித்தப்பா! நாற்பது வருஷம் தி.நகரில் தையல் கடை வைத்து, ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவன் நான். எனக்கே அல்வா கொடுத்துவிட்டான் அந்த டைரக்டர்.

ஆஃப்ரீனுக்கு அடையாறில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "நெழல வச்சு ஆள முடிவு பண்ணிட்டீங்க மாமா" என்று சிரித்தாள். என் இருமலுக்கு நாளை என்னையும் படம் எடுக்கப்போகிறாளாம்.

ஜனவரி 7, செவ்வாய்
நேற்றைய எக்ஸ்ரே சரியாக விழவில்லையாம். இன்று பெரிய மெஷினில் படுக்கவைத்தாள். வெட்டி வேலை.

ஜனவரி 10, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தேன். பால்கனியில் ஆஃப்ரீன் போனில், "மாமாக்கு இப்ப தெரிய வேணாம்." என்னைக் கண்டதும் கட் பண்ணிவிட்டாள். எனக்கு என்ன தெரியக் கூடாது?

ஜனவரி 11, சனி
கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கும் கோதண்டபாணியிடம் சொன்னேன். "இன்னா பாய், இதுகூடவா புரியல? தனி வூடு பாத்துக்கினு கீது உன் மருமவ."

ஜனவரி 12, ஞாயிறு
கேட்டே விட்டேன், சோற்றுத் தட்டு முன்னால். "தனியாப் போறதுன்னா மொகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போங்க. என் சகினா மௌத்தாகிப் போயி ஒரு வருஷம்கூட ஆவல, அதுக்குள்ள நான் பாரமாயிட்டேனா?"

மகன் ரெஹான் "அத்தா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது!" என்று எழுந்தான். ஆஃப்ரீன் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கண் கலங்கியிருந்தது. குட்டு உடைந்ததால் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்
பேச்சில்லை. இருமல் மருந்து மட்டும் வேளை தவறாமல் மேசைக்கு வருகிறது.

ஜனவரி 17, வெள்ளி
ரெஹான் கடைக்கே வந்துவிட்டான். என் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்ததாம். சகினாவுக்கும் அப்படித்தானே ஆரம்பித்தது. பெரிய டாக்டர் இன்று பார்த்துச் சொல்லிவிட்டார்: சின்ன வயதில் எப்போதோ வந்து ஆறிய தழும்பு, பயமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

"பத்து நாளா அவ தூங்கல அத்தா. அம்மா மாதிரி ஆயிடுமோன்னு. உறுதியாத் தெரியாம உங்கள பயமுறுத்த வேணாம்னுட்டா."

அடப்பாவி ஹனீஃபா. அந்தப் பிள்ளையைப் பார்த்து என்ன கேட்டாய் நீ?

ஜனவரி 19, ஞாயிறு
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க மாமா" என்று அதே படத்தைப் போட்டாள்.

இந்தத் தடவை சமையல்காரனை மட்டும் பார்த்தேன். பாட்டிலை ஒளித்தது, அந்தப் பெண் குடித்துவிடக் கூடாது என்று. விளக்கைத் தாழ்த்திப் பிடித்தது, அவள் தூக்கம் கலையக் கூடாது என்று. எல்லாம் போன தடவையும் திரையில் இருந்ததுதான். டைரக்டர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெண் அவனைச் சந்தேகப்பட்டு வெளியே போகச் சொல்லும் இடம் வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. "நிறுத்தும்மா" என்றேன்.

"இருங்க மாமா" என்றாள். "அவன் போவ மாட்டான்."