கிளறா சொன்ன ‘நான்’

2025 ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் கிளறா கடுகு நிறத்தில் ஒரு புதுக் கோட்டுடன் நிற்கிறாள். பொலிதேயாமாக் கடைத்தெருவில் மலிவு விற்பனையில் எடுத்தாளாம். மலிவில் எடுத்தது அவளுக்கு மட்டும் எப்படி அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது? நான் எடுத்தால் தோள் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

பொறாமை இல்லை என்று எழுதிவிட்டு வெட்டினேன். இந்தக் கொப்பியை நான் மட்டும்தான் வாசிக்கிறேன். ஆருக்குப் பொய்? பொறாமைதான்.

பலேர்மோவில், சீசா என்கிற பகுதியில் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடம். நாங்கள் முதலாம் மாடி, அவர்கள் நாலாம் மாடி. வெயில் முழுக்க அவர்களுக்கு. அவளுடைய புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் பல்கனியில் நின்று அவளுடைய உடுப்புகளைத் தோய்த்துக் காயப்போடுகிறார், தெருவே பார்க்க. என் வீட்டுக்காரர் பிறின்ஸுக்குத் துறைமுகத்தில் நாப்போலி கப்பலுக்கு லொறி ஏற்றுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் தன் காலுறையைக்கூட நிலத்திலிருந்து எடுக்க மாட்டார்.

ஜனவரி 23, வியாழன்

வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்கிற எங்களுக்கெல்லாம் ஓய்வு. நான் படுத்துக் கிடக்கிறேன். கிளறா இத்தாலியன் வகுப்புக்குப் போகிறாள், நாலு வருஷமாக.

இன்று மத்தியானம் வேலை முடிந்து இரண்டு பேருமாக வந்த பஸ்ஸில், நாங்கள் இறங்குகிறபோதே சாரதி கதவை இடையில் மூடிவிட்டான். கிளறா அவனை ஏசினாள் — அதுவும் என்ன மாதிரி இத்தாலியன், நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவே அப்படிக் கதைக்க மாட்டா. சாரதி மன்னிப்புக் கேட்டான். நான் பதினேழு வருஷம் இந்த ஊரில். எனக்கு வருவது ‘ஓம் சிஞ்ஞோரா’, ‘இப்ப துடைக்கிறன் சிஞ்ஞோரா’. அந்த மொழியில் எனக்கு ஒத்துக்கொள்ள மட்டும்தான் தெரியும். ஏசத் தெரியாது.

பெப்ரவரி 2, ஞாயிறு

நித்திரை வரவில்லை. எழும்பி இருந்து எழுதுகிறேன்.

கோயில் மண்டபத்தில் வீட்டுவேலைப் பெண்கள் சங்கக் கூட்டம். வக்கீல் ரொசாலியா வந்திருந்தா. மார்ச் மாதம் பிறஸ்ஸல்ஸில் ஒரு பெரிய கூட்டமாம். பெண்களுக்குச் சமஉரிமைச் சட்டங்கள் எழுதுகிறவர்களுக்கு முன்னால் ஐந்து நாட்டு வீட்டுவேலைப் பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பலேர்மோவிலிருந்து ஒருத்தி போகலாம். ரொசாலியா சொன்னா: தொழிற்சாலையில் ஒரு கர்ப்பிணியை நிறுத்தினால் கேட்க ஆள் வரும், வீட்டுக்குள் ஆர் வருவது? எல்லாச் சட்டமும் வாசல் மணியோடு நின்றுவிடுகிறது என்று.

நான் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். கெட்டில் இரைச்சலில் தொடக்கம் கேட்கவில்லை. திரும்பினால் கிளறா எழும்பி நிற்கிறாள்.

“நான் அப்ப ஐஞ்சு மாசம். சிஞ்ஞோரா மேசை லாச்சியிலை இருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினா. நானே விரும்பி வேலையை விடுறன் எண்டு இருந்தது. கீழை என்ரை கையெழுத்து.”

பெண்களெல்லாம் அழுதார்கள். ரொசாலியா கட்டிப்பிடித்தா. கிளறாதான் போவது என்று அந்த இடத்திலேயே முடிவு.

அது என்ரை வயிறு. என்ரை கையெழுத்து. எனக்கு நடந்தது. கிளறாவுக்கு ஒரு பிள்ளையும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை!

பெப்ரவரி 3, திங்கள்

சிஞ்ஞோரா வீட்டில் இரண்டு பீங்கான் உடைத்தேன். ஒன்று தவறுதலாக.

பெப்ரவரி 6, வியாழன்

ஒருமுறை முழுதாக எழுதிப் பார்க்கிறேன். என் கதையை என்னிடமாவது ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டாமா?

2010. முந்தின சிஞ்ஞோரா வீட்டில் முதல் நாள். மூன்று தாள் நீட்டினா. “பெர்மெஸோவுக்கு” என்றா. பெர்மெஸோ இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் சனம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் விடியப்புறம் போய் வரிசையில் நிற்கும், எதைக் கேட்டாலும் கொடுக்கும், எதிலும் கையெழுத்து வைக்கும். நானும் வைத்தேன். மூன்றாவது தாள் பெர்மெஸோவுக்கு இல்லை. வேலையை நானே விடுகிறேன் என்று எழுதி, திகதி மட்டும் போடாத கடிதம்.

நாலு வருஷம் கழித்து எமிலியானா என் வயிற்றில். ஐந்தாம் மாதம் அந்தக் கடிதம் திகதியோடு வெளியே வந்தது. ‘நீயே விரும்பித்தான் போகிறாய்’ என்று ஒரு பிரதியையும் என் கையில் தந்தா. பேறுகால விடுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

இதை ஆரிடம் சொல்வது? எனக்கு இத்தாலியன் கதைக்கத்தான் வராது, வாசிக்க வரும்; கோயிலில் எல்லாருடைய கடிதங்களையும் வாசித்துச் சொல்கிறவள் நான். மன்னாரில் உயர்தரம் பாஸ் பண்ணினவள் நான். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்று எப்படிச் சொல்ல? நானே கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று பிறின்ஸிடம் சொன்னேன். பத்து வருஷமாக எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் அவர் சொல்வார்: “என்ரை மனிசி வாய்க்கொழுப்பிலை நல்ல வேலையை விட்டவ.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கிளறாவிடம் மட்டும் சொன்னேன், கோயில் படியில் இருந்து அழுதுகொண்டு. என் பேர் வெளியே வரக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பேர் வரவில்லைதான். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள், கெட்டிக்காரி.

பெப்ரவரி 9, ஞாயிறு

கோயில் அறிவித்தல் பலகையில் கிளறாவின் படம். கடுகுக் கோட்டுடன்.

பூசைக்குப் பிறகு, எல்லார் வீட்டுக் கதையும் தேடுகிற அருளையாவின் மனைவி என்னை ஒரு பக்கமாக இழுத்தா. “பிள்ளை, கிளறாவுக்கு எப்ப வயித்திலை இருந்தது? அழிஞ்சு போச்சுதோ? இல்லாட்டி அழிச்சவவோ? உமக்குத் தெரியாமல் இருக்காதே.”

“தெரியாது அன்ரி” என்றேன்.

எனக்குத்தான் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கதை அங்கேயே நின்றிருக்கும். சொல்லவில்லை. சொல்லாமல் வந்தது சந்தோஷமாக இருந்தது. என்ன பிறவி நான்?

பெப்ரவரி 13, வியாழன்

பின்னேரம் கிளறா இறங்கி வந்தாள். வகுப்புக்குப் போகவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை.

“அக்கா, அந்தக் கடிதத்தின்ரை பிரதி உங்களிட்டை இருக்குதெல்லோ? ரொசாலியா கேக்கிறா. பேரை மறைச்சுப்போட்டுத்தான் காட்டுவன்.”

எனக்குள் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

“என்ரை வயித்தைக் கொண்டு போட்டாய். இப்ப கடிதமும் வேணுமோ? சொந்தமா ஒண்டைச் சுமந்திருந்தால் அதை வைச்சுக் கதைச்சிருக்கலாம்தானே.”

சொன்னவுடன் வாயைப் பொத்தினேன். பொத்தி என்ன பயன்?

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “ஒரு பொம்பிளைக்கு இப்பிடி நடந்தது எண்டுதான் அக்கா தொடங்கினனான். எந்தப் பொம்பிளை எண்டு உடனை கேட்டினம். உங்களுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டன். அதுதான் நான் எண்டு சொன்னனான்.”

கதவடியில் போய் நின்று, என்னைப் பாராமல், “சொன்னாப் பிறகு எனக்கு விட மனம் வரேல்லை. கதையிலையாவது ஐஞ்சு மாசம் சுமந்தனெல்லோ. அது என்ரை பிழைதான்” என்றாள்.

படியேறிப் போய்விட்டாள். லிப்ட் இருக்கிறது. ஆனாலும் படியால்தான் போனாள்.

பெப்ரவரி 14, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று சிஞ்ஞோராவுக்குச் சொன்னேன். தலையிடி இல்லை, வெட்கம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

எமிலியானா மறைக்கல்வி வகுப்புக்குப் போன பிறகு பிறின்ஸிடம் சொன்னேன். சாப்பிட்ட கோப்பைகளைக்கூட எடுக்காமல், எல்லாம் சொன்னேன். பெர்மெஸோக் கோப்பின் அடியில் இருந்த கடிதத்தையும் எடுத்து வைத்தேன்.

வாசிக்காமல் கையெழுத்து வைத்ததற்கு ஏசுவார் என்றுதான் பயந்தேன். பத்து வருஷம் அந்தப் பயம்தானே. அவர் கேட்டது வேறு.

“நீர் எனக்குச் சொல்லாமல் கிளறாவுக்குச் சொன்னனீரோ?”

“ஓம்.”

“என்னிலை அவ்வளவுதான் நம்பிக்கையோ?”

“நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு நினைச்சன்.”

முகம் சுருங்கிவிட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகம். இந்த மனுஷனுக்கும் கிளறாவில் பொறாமை! சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனார். அவருக்கு இத்தாலியன் வாசிக்க வராது. ஆனால் துறைமுகத்தில் நாள் முழுக்கச் சரக்குத் தாள்களைத்தானே பார்க்கிறார். கனநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இஞ்சேரும், இஞ்சை வந்து பாரும். உம்முடைய கையெழுத்து நீலம். திகதி கறுப்பு. வேறை பேனையாலை பிறகு போட்டது.”

பத்து வருஷம் எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருப்பேன். நான் பார்த்ததெல்லாம் என் கையெழுத்தை மட்டும்தான். நிறப் பிரதியில் அந்த இரண்டு மையும் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது!

“இனி அந்த வாய்க்கொழுப்புக் கதை சொல்ல மாட்டன்” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. இதுதான் அவருக்கு வந்தது. காலுறை அதே இடத்தில்தான் கிடக்கிறது.

பெப்ரவரி 20, வியாழன்

நாலாம் மாடிக்குப் போனேன். கதவைத் தட்டுவதற்கு முன் மன்னிப்புக் கேட்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கிளறா கதவைத் திறந்ததும் வாயில் வந்தது: “பிறஸ்ஸல்ஸுக்கு நான்தான் போறன்.”

அவள் என்னைப் பார்த்தாள். “போங்கோவன் அக்கா. உங்கடைதானே.”

அதற்குப் பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். அழுகையோடு வந்ததால் பாதி அவளுக்கு விளங்கியிராது. ஸ்ரனிஸ்லாஸ் குசினிக்குள் நின்று தேநீர் போட்டார். நல்ல தேநீர். அதுவும் எனக்கு எரிச்சல்.

இரண்டு பேருமாக ரொசாலியாவிடம் போய் உண்மையைச் சொன்னோம். கிளறாவுக்கு நல்ல ஏச்சு — பொய் ஒன்று பிடிபட்டால் எல்லாப் பெண்களுடைய உண்மையும் போய்விடும் என்று. கிளறா தலை குனிந்து நின்றாள். கடிதத்தில் இரண்டு நிற மையைப் பார்த்ததும்தான் ரொசாலியா அடங்கினா. என் இத்தாலியனில் கதைத்தால் பாதிதான் வரும் என்றேன். “எந்த மொழியில் உனக்குக் கோபம் வருமோ அதில் சொல்லு” என்றா. அப்படியானால் தமிழ்தான். தமிழிலிருந்து இத்தாலியனுக்கு மாற்ற ஒரு ஆள் வேண்டும். பலேர்மோவில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அருளையாவின் மனைவியிடம் நானே போனேன். “அன்ரி, அது கிளறா இல்லை. நான்தான்.” பின்னால் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். பலகையில் இன்னும் கிளறாவின் படம்தான் இருக்கிறது. மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கவில்லை. ஆசைதான்.

மார்ச் 8, சனி

பெண்கள் தினம். சிஞ்ஞோரா மஞ்சள் மிமோசாப் பூ ஒரு கொத்துத் தந்து வாழ்த்துச் சொன்னா. பிறகு துடைக்க வேண்டிய ஜன்னல்களைக் காட்டினா.

மார்ச் 25, செவ்வாய்

எமிலியானா என் பயணப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “மம்மா, தி ப்ரேகோ, கெஞ்சிக் கேக்கிறன், அந்தப் பச்சைச் சீலை வேண்டாம். இறாலைச் சுத்தின வாழையிலை மாதிரி இருப்பாய்” என்றாள். பச்சையைத்தான் வைத்திருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன், பிறஸ்ஸல்ஸ்

மண்டபம் நான் நினைத்ததைவிடச் சின்னது. எல்லாருடைய காதிலும் கருவி. நான் தமிழில் சொன்னேன், பக்கத்தில் இருந்து கிளறா இத்தாலியனில் சொன்னாள், அது அங்கிருந்து எத்தனையோ மொழிகளாகப் போனது. மொழிபெயர்க்கிறவர் ‘அவள்’ என்று சொல்லக்கூடாதாம், ‘நான்’ என்றே சொல்ல வேண்டுமாம். நான் ஒவ்வொரு முறை ‘நான்’ என்னும்போதும் கிளறா ‘இயோ’ என்றாள். ஐந்தாம் மாதம் என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். நான் காத்திருந்தேன்.

கடிதத்தைத் திரையில் போட்டார்கள். பெரிதாக்கிய நீலமும் கறுப்பும். முன் வரிசையில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். பெர்மெஸோ என்ற சொல்லுக்கு எங்கள் கை எப்படித் தானாகப் பேனையைத் தேடும் என்று சொன்னபோது காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டார்கள். வீட்டுக்குள் எழுதுகிற கடிதத்தையும் வெளியில் ஒரு ஆள் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று முடித்தேன்.

கைதட்டினார்கள். பாதிப் பேர் கிளறாவைப் பார்த்துத் தட்டினார்கள். அங்கேயும் எனக்குப் பற்றியது. நான் எழும்பி நின்றேன், பச்சைச் சீலை எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

பிறகு கேள்விகள். வயதான ஒரு அம்மா இத்தாலியனில் என்னைக் கேட்டா, அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்று. கிளறா அதை எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நேரே பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். பத்து வயது. கணக்கில் கெட்டிக்காரி. வாய் அதிகம். காலையில் நான்தான் தலையிழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு விடுகிறேன், கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொரு நாளும் என்னோடு சண்டை.

அது என் வசனம் இல்லை. நான் ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விடுவேன். முதலாம் வகுப்பிலிருந்து எமிலியானாவுக்குத் தலையிழுத்து விடுவது கிளறாதான். இந்தக் கொப்பியில் அதை நான் ஒருநாளும் எழுதவில்லை.

ரொசாலியா என்னைத் திரும்பிப் பார்த்தா. மைக் எனக்கு முன்னால் இருந்தது. நான் அதைக் கிளறாவின் பக்கம் தள்ளி வைத்தேன்.