இடது பக்கத்து இடம்

ஓட்டமாவடி,
2025 ஜனவரி 12

அன்பின் ஸியாம் மச்சான்,
அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உம்மாவும் சுகம். கட்டாருக்குத் திரும்பிப் போற ஜிப்ரி காக்காட கையில் இதைக் கொடுத்து அனுப்புறேன். வட்ஸ்அப்பில் குரல் போட்டால் நீ அதைப் பள்ளிக்கூடக் குறூப்பில் போடுவாய். போன முறை போட்டாய். கீழே எழுதியும் இருந்தாய்: "ஒத்தக் காலோட இவன் உழைக்கிறதப் பாருங்கடா, நமக்கெல்லாம் வெக்கமில்லையா?" குறூப்பே அழுகிற பொம்மை அனுப்பியது. நான் சொன்னது என்ன? எங்கட ஐஸ் பெக்டரியில் கொம்பிரஸர் சூடாகுது, அங்கே அதற்கு உதிரிப் பாட்ஸ் விலை கேட்டுச் சொல் என்று. அதற்கு இன்னும் பதில் இல்லை.

பள்ளிவாசலிலும் இதே கதைதான். செருப்பைக் கழற்றுமுன் யாராவது கதிரையை இழுத்துவந்து வரிசை ஓரத்தில் வைக்கிறார்கள். "இருந்து தொழு மகன், அல்லாஹ் ஏத்துக்குவான்." என்ட பொய்க்கால் இடது முழங்காலுக்குக் கீழேதான். நிற்பேன், குனிவேன், நெற்றி நிலத்தில் பட ஸுஜூதும் செய்வேன். முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

கதிரையைத் தள்ளிவிட்டு, காலோடு கால் சேர்த்து வரிசையில் நின்றால், இடது பக்கம் நிற்பவர் பொய்க்காலில் முட்டியதும் தன்ட காலை இழுத்துக்கொள்கிறார். விபத்துக்கு முந்தி அது நீ நிற்கிற இடம்.

மின்ஹாஜ்


தோஹா,
பெப்ரவரி 20

என்ட உயிர் மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

வாசிச்சு அழுதுட்டன்டா. அறையில யாருக்கும் காட்டல்ல, சத்தியமா. பெருமையிலதான் போட்டன். எனக்கு வேற யாரு கூட்டாளி?

நோன்பு வருது. நீ கஷ்டப்படக் கூடாதெண்டு பள்ளிவாசலுக்கு மெத்தை வெச்ச கதிரையொண்டு சொல்லியிருக்கன். உன்ட பேரையும் முதுகுப் பக்கம் எழுதச் சொன்னன். வேற யாரும் இருக்க மாட்டாங்க பாரு!

உன்ட ஸியாம்


ஓட்டமாவடி,
மார்ச் 9

ஸியாம்,

கதிரை வந்தது. "மின்ஹாஜுக்கு" என்று பச்சை எழுத்தில். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எல்லாரும் தடவிப் பார்த்து உனக்குக் கையேந்தி துஆ செய்தார்கள். என்னை முதுகில் தட்டினார்கள்.

தின்னர் போட்டுப் பெயரை அழித்தேன். முழங்கால் வலிக்காரர் கச்சி முகம்மது மாமாவுக்குக் கொடுத்தேன். வேணுமா என்று கேட்டுத்தான் கொடுத்தேன்.

நோன்பு இரவுகளில் தராவீஹ் தொழுகை முழுக்க நின்றே தொழுகிறேன். இடது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறார்கள்.

நீ என்னைப் பற்றி ஊரெல்லாம் கதைக்கிறாய். என்னிடம் ஒன்றும் கேட்கிறாய் இல்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மின்ஹாஜ்


தோஹா,
மே 30

மச்சான்,

எழுத வேணாமெண்டாய். எழுதி எழுதிக் கிழிச்சு மிஞ்சினது இதுதான்.

பாட்ஸ் விலை கேட்டுட்டன், பின்பக்கம் எழுதியிருக்கன். பெருநாளைக்கு லீவு இல்ல. வாற வருஷ நோன்புக்குத்தான் வருவன்.

வந்தா உனக்குப் பக்கத்தில நிக்கவா? எந்தப் பக்கம்? முட்டினா நோகுமா?

ஸியாம்


ஓட்டமாவடி,
ஜூன் 21

ஸியாம் மச்சான்,

பாட்ஸ் இங்கேயே கிடைத்து, ஏப்ரலில் கொம்பிரஸரில் பூட்டியாயிற்று.

நோகாது. இடது பக்கம் நில். முட்டினால் காலை இழுக்காதே.

நேற்று ஜும்மாவிலும் அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது.

மின்ஹாஜ்