நான் வெட்டிய நாலு நிமிடம்

பதினோராம் மாடியில் இனி இல்லாத என் அன்பு ரூடி அண்ணைக்கு,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்த ஒரே சொல், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்'. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். முகத்துக்கு நேரே சொல்லக் கிடைத்த நாட்களையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கழித்த கோழை நான்.

நகர நடுவில் எழும்ப எழும்ப நீங்கள் பல்கனியில் நின்று திட்டிக்கொண்டிருந்த அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு போர்த்துக்கேயக் குடும்பம் வந்திருக்கிறது. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அடுக்குமாடி லிஃப்ட் வழக்கம்போல நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். அதில் ஏறும்போதெல்லாம் என் மனைவி மங்கை உங்கள் பேச்சை எடுக்கிறாள்.

"அந்த மனிசன் ஒருநாளும் எனக்கு முதுகைக் காட்டிப் போகேல்லை" என்கிறாள். உண்மைதான். லிஃப்டை விட்டு இறங்கும்போது தலையைக் குனிந்து, பின்பக்கமாகவே நடந்து போவீர்கள். வேலைக்காரன் பிரபுவுக்கு முதுகு காட்டக் கூடாது என்று வியன்னா மேடையில் பழக்கிவிட்டார்களாம். மங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவாள். இப்போது சிரிக்காமலே கண்ணீர் விடுகிறாள்.

ஒப்பெரெட்டா என்று பாட்டும் ஆட்டமும் பகிடியும் சேர்ந்த உங்கள் ஊர் மேடைநாடகத்தில், உங்களுக்கு எப்போதும் மூன்றாம் அங்கத்தில்தான் வேலை. இரண்டு அங்கம் முடியும்வரை முகப்பூச்சோடு உள்ளே காத்திருந்து, கடைசியில் வந்து சனத்தைச் சிரிக்க வைக்கிற ஆள். சினிமாவிலும் அப்படித்தான்: ரயில் கார்ட், கோட்டல் காவலாளி, பிரபுவின் ஏவலாள், வெயிற்றர். முப்பத்தொரு படம். ஒன்றிலாவது உங்கள் பெயரைப் போட்டார்களா? கையில் இருந்த புகைப்படங்களும் யுத்தத்தில் வீட்டோடு எரிந்தன. பிறகு ரொறன்ரோவுக்கு வந்து, கோட்டலில் நிஜமாகவே வெயிற்றராகச் சாப்பாட்டுத் தட்டுத் தூக்கினீர்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. பிரிந்து போன உங்கள் மனைவி, "உன்ர அப்பன் நடிகனில்லை, வெறும் வெயிற்றர், வாயைத் திறந்தால் பொய்" என்று சொல்லித்தான் மகளை வளர்த்தார். ஹில்டா அதை நம்பினார். றிச்மண்ட் ஹில்லில் இருந்துகொண்டு, நத்தார் பண்டிகைக்கு மட்டும் வந்து அரை மணி நேரம் கோட்டைக் கழற்றாமல் இருந்துவிட்டுப் போவார்.

நாம் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். இரண்டு பேருக்கும் இரவல் பாஷை. ஆனால் என் காதில் நீங்கள் இப்போது யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, வாற ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு வாறன். படத்தை வடிவா ஓட்டும்" என்று கண்ணைச் சிமிட்டினீர்கள். நான் படம் ஓட்டும் தியேட்டரில் ஞாயிறு காலைகளில் ஜெர்மன் பேசுகிறவர்களுக்காகப் பழைய படம் போடுவோம். நீங்கள் தவறாமல் வருகிறவர்தானே என்று தலையாட்டினேன். இந்தப் படத்தில் நீங்களே இருக்கிறீர்கள் என்று ஏன் அண்ணை சொல்லாமல் விட்டீர்கள்? என்னையும் திகைக்க வைக்கவா? ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா!

சனிக்கிழமை தியேட்டர் முதலாளி, நான் படம் ஓட்டும் மேல் அறைக்கு ஏறி வந்தார். மறுநாள் ஒரு மணிக்கு மண்டபத்தை ஒரு கலியாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம்.

"நாலைஞ்சு நிமிசத்தைக் குறைச்சு விடும்" என்றார்.

எனக்கு இது புதிதா? யாழ்ப்பாணத்தில், சனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை படத்தை வெட்டியிருக்கிறேன். படம் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கதாநாயகனும் கதாநாயகியும் இல்லாத இடமாகப் பார்த்து வெட்டுவது. கதை குழம்பாது, ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஓடி முடிந்ததும் துண்டைத் திரும்ப ஒட்டிப் பெட்டியில் வைத்துவிட்டால் அனுப்பியவனுக்கும் தெரியாது. நாலாம் சுருளில் ஒரு வெயிற்றர் தட்டோடு வந்து பாடினான். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெட்டி ஆணியில் மாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

ஞாயிறு நீங்கள் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தீர்கள். பக்கத்தில் ஹில்டா. அன்றைக்குக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மேல் அறைத் துவாரத்தால் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், பாருங்கள்! நாலாம் சுருள் ஓடியபோது நீங்கள் இருக்கையின் நுனிக்கு வந்ததையும் பார்த்தேன். பிறகு மெல்லச் சாய்ந்ததையும்.

வெளிச்சம் போட்டதும் இறங்கி வந்தேன்.

"எந்த இடத்தில வந்தனீங்கள் அப்பா?" என்று ஹில்டா கேட்டுக்கொண்டிருந்தார். அதில் நக்கல் இருக்கவில்லை. உண்மையாகவே தேடியிருக்கிறார். அதுதான் என்னைக் கொல்கிறது.

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றீர்கள். "வியன்னாவிலயே வெட்டிப்போட்டாங்கள் போல, தம்பி. இவ்வளவு வருசமும் நான் அதில இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்."

ஹில்டா கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மேலே ஓடிப்போய் அந்தத் துண்டை விளக்குக்கு நேரே பிடித்தேன். தலை நிறைய மயிரோடு, நீங்கள்! நீங்களேதான்! உடனே கீழே கத்தியிருக்கலாம். ஹில்டாவின் காருக்கு முன்னால் போய் நின்றிருக்கலாம். முதலாளி என்ன சொல்வார், வேலை போனால் என்ன செய்வது, உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நின்றேன். திங்கள் காலை உங்களை ஒழுங்காக ஒட்டி, பெட்டியில் வைத்து அனுப்பினேன். வேறு ஏதோ ஊரில் ஆரோ உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

"சொல்லிப்போடுங்கோ. அந்த மனிசன் சாப்பாட்டையே தொடுதில்லை" என்று மங்கை ஒவ்வொரு நாளும் அரித்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். மூன்று கிழமையில் உங்கள் இருதயம் நின்றுவிட்டது. நான் கொன்றேன் என்று சொன்னால் மங்கை ஏசுகிறாள். இல்லை என்றும் அவளால் சொல்ல முடியவில்லை.

அடக்கத்தன்று ஹில்டா என்னிடம் வந்து, "அம்மா சொன்னதுதான் சரி. பாவம், தனக்கே பொய் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டார்" என்றார். அப்போதும் நான் பேசவில்லை அண்ணை. முதல் தரம் தெரியாமல் வெட்டினேன். இரண்டாம் தரம், பெட்டிக்குள் நீங்கள் படுத்திருக்க, தெரிந்தே வெட்டினேன். இதற்கு என்ன மன்னிப்பு இருக்கிறது?

துண்டை ஒட்டும்போது முனையில் ஓரிரண்டு தனிப்படம், நகத்தளவு பிலிம் துண்டு, கத்தரிபடும். குப்பைக்குள் கைவிட்டுத் தேடி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்து நீங்கள் பின்பக்கமாகவே நடந்து வெளியேறுகிற இடம். தட்டு தெரிகிறது, குனிந்த தலை தெரிகிறது. முகம் இல்லை. கோர்ட்டில் காட்டினால் சிரிப்பார்கள்.

ஆனாலும் வருகிற ஞாயிறு பஸ் எடுத்து றிச்மண்ட் ஹில்லுக்குப் போவேன். நான்தான் வெட்டினேன், உங்கள் அப்பா பொய்யர் இல்லை என்று ஹில்டாவின் வாசலில் நின்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். அவர் நம்பமாட்டார் என்றே நினைக்கிறேன். கதவைச் சாத்தவும் கூடும்.

சாத்துமுன் ஒன்று செய்வேன் அண்ணை. தலையைக் குனிந்து, பின்பக்கமாகவே நடந்து படியிறங்குவேன். அவருடைய அப்பாவின் நடிப்பை ஒருமுறையாவது அவர் பார்க்கட்டும்.

மேல் அறையில் வாய் செத்து நின்ற,
உங்கள் தம்பி
குணம்