பெட்டிக்கு இரண்டு முகவரியும் இருக்கட்டும்

2012 ஜூன், வியாழன் இரவு

கடலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்கப் பெட்டிக்கு ஐபி வெர்ஷன் ஆறு என்ற புதிய வகை நெட்வொர்க் முகவரி போட, சிதம்பரத்திலிருந்து இன்று பஸ் ஏறிப் போனேன். பழைய முகவரியை எடுத்துவிடச் சொல்லியிருந்தார் எங்கள் மேனேஜர். எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கேன் ரூம் பானு அக்கா ஓடி வந்தார்.

"தம்பி, பழைய படம் ஒண்ணும் வரல. வெளிய ஒக்காந்திருக்கிற அம்மாவுக்குப் போன வருஷப் படம் வேணும். டாக்டரம்மா காத்துகினு இருக்காங்க."

பெஞ்சில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் மெஷினுக்குப் பழைய வகை முகவரி மட்டும்தான் புரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேனேஜரைக் கேட்காமலே பழையதைத் திரும்பப் போட்டேன். புதியதையும் கூடவே வைத்தேன். பெட்டியை அணைத்துப் போட்டு, அது மறுபடி இயங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

படம் வந்தது. டாக்டரம்மா அதையும் இன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கட்டி வளரலம்மா, அப்டியேதான் இருக்கு."

"அப்ப நாளைக்கு யாவாரத்துக்குப் போலாமா?" என்று அந்த அம்மா கேட்டதும் பானு அக்கா சிரித்துவிட்டார். நானும்தான்.

மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வாரோ. சொல்லட்டும், இரண்டு முகவரியும் வேலை செய்கின்றன. தூக்கம் வருகிறது.