விருப்ப விலகல் என்று பதிவான பதினான்கு பேர்

அனுப்புநர்:
கண்ணாடி ஆலை பாட்டில் சோதனையாளரின் மகள்,
தொழிலாளர் குடியிருப்பு, மூன்றாம் தெரு.

பெறுநர்:
வேலை இழப்பு நிவாரண அலுவலர்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்ட பதினான்கு பேரின் பதிவைத் திருத்தவும், வெள்ளிக்கிழமைக்குள் நேரில் விசாரிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வரிசையில் இரண்டு முறை நின்றேன். என் முறை வந்தபோது விலகித் திரும்பி வந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

1. என் தந்தை பதினோரு ஆண்டுகள் விளக்குத் திரையின் முன் அமர்ந்து, நகரும் பாட்டில்களில் விரிசலும் குமிழியும் பார்த்துக் கழித்தவர். சென்ற ஆண்டு ஆலையில் கேமரா பொருத்தினார்கள். எது பழுது என்று அதற்குக் கற்றுக்கொடுக்க, கண்ட குறையையெல்லாம் திரையில் தொட்டுக் காட்டும் வேலை பதினான்கு பேருக்குத் தரப்பட்டது. யார் அதிகம் காட்டுவது என்று போட்டி போட்டார்கள். அப்பாதான் முதலில் வந்தார். மூன்றே மாதத்தில் கேமரா கற்றுக்கொண்டது. பதினான்கு பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

2. அந்த வேலைக்கான ஒப்பந்தப் படிவங்களை நிரப்பியவள் நான். தெருவில் பட்டம் பெற்றவள் நான் ஒருத்தி என்பதால் எல்லோரும் என்னிடமே கொண்டுவந்தார்கள். முதல் பக்கத்தைப் படித்துச் சொன்னேன். "நீ பாத்துட்டேல்ல, போதும்மா" என்று கையெழுத்திட்டார்கள். பணி முடிந்ததும் தாமாக விலகியவராகக் கருதப்படுவர் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. நான் அதுவரை படிக்கவில்லை. அந்த வரியைக் காட்டியே தங்கள் அலுவலகம் நிவாரணத்தையும் மறுபயிற்சியையும் மறுத்துள்ளது.

3. மேல்முறையீட்டை இணையத்தில் ஐந்து முறை பதிந்தேன். ஐந்து முறையும் ஒரே பதில், ஒரு நிமிடத்திற்குள் வந்தது. அதை ஒரு மனிதர் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தவறெனில் பொறுத்தருள்க.

4. இதற்கிடையில் புதிய கட்சி ஒன்று தெருமுனையில் கிளை திறந்தது. அதன் செயலாளர் நாற்காலி போட்டு, அப்பா பேசியதை ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு, வேலையைப் பறித்தவர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியேறிய வெளியூர்க்காரர்கள் என்றார். அங்கேதான், தடித்த கண்ணாடிக்காக நாங்கள் சோடாபுட்டி மாமா என்றழைப்பவர் இருக்கிறார். அப்பாவின் எதிர் இருக்கையில் அத்தனை ஆண்டும் பாட்டில் பார்த்தவர். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர். இதை அப்பாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? மிஷினத் திட்டினா அது திரும்பியா பாக்கப்போவுது? இவன் ஒருத்தன்தான் என்னை உக்கார வச்சுக் கேட்டான்" என்றவர், சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

5. சனிக்கிழமை காலை கட்சிக்காரர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தவரை விரட்டப் போகிறார்கள். முன்வரிசையில் அப்பா. அந்தப் பக்கத்தவர்களுக்கும் நானே படிவம் நிரப்பியதால் முகவரிகள் என்னிடம் உள்ளன. "எழுத்து முத்து முத்தா இருக்குமே, லிஸ்டைப் பாப்பாவே எழுதட்டும்" என்று செயலாளர் சொல்லியனுப்பினார். காய்ச்சல் என்று மூன்று நாளாகத் தள்ளிப்போடுகிறேன். காவல் நிலையத்திற்குப் போனால் முதலில் பிடிபடுபவர் அப்பாவாக இருப்பார்.

ஆகவே, வெள்ளிக்கிழமை இரு பக்கத்தவரையும் ஒரே அறையில் அமர்த்தி, தாங்களே நேரில் கேட்க வேண்டுகிறேன். நிவாரணம் அன்றே கிடைக்க வேண்டும் என்பதில்லை. பிழை என்னுடையது என்று எல்லோர் முன்பும் எழுதிக் கையொப்பமிடத் தயாராக உள்ளேன். பட்டியலை அன்று மாலை ஆறு மணிக்குக் கேட்டிருக்கிறார்கள். நான் தர மாட்டேன். ஆனால் நான் தராவிட்டாலும், சோடாபுட்டி மாமா வீட்டுக்கு அப்பாவுக்கு வழி தெரியும்.

நாள்: புதன்கிழமை
இடம்: தொழிலாளர் குடியிருப்பு

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்